வருஷத்தின் முதல் கால்

எட்டுத் திசையையும் இருட்டடிக்கும் பேரழகா, துறைமுகக் கரிமலைகளின் சக்கரவர்த்தியே, என் ஆருயிர் மாப்பிள்ளை அருளப்பா,

செத்தவனிடம் நலமா என்று கேட்கும் மடையன் ராயபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இருந்தாலும் கேட்கிறேன், நலமா? போன மழையில் உன்னை மண்ணுக்குள் வைத்துவிட்டுத் திரும்பியதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் குடைந்துகொண்டிருக்கிறது. மேலே மோட்ச வாசலில் சாவிக்கொத்தோடு நிற்கும் அந்தப் பெரியவர் உன் கரிய கையைப் பார்த்து, ‘எங்கேடா எடுத்தே?’ என்று நிறுத்தி வைத்திருப்பாரோ? நிறுத்தியிருந்தால் தயவுசெய்து வாயைத் திறந்து பதில் சொல்லிவிடு. உன் பழைய பிடிவாதத்தை அங்கே காட்டாதே. உனக்காகப் பேச நான் பக்கத்தில் இல்லை.

இங்கே செய்தி இதுதான். உன் வீட்டு முன்கதவு சாத்திக் கிடக்கிறது. இங்கிலீஷ் வருஷம் பிறந்த ராத்திரி, துறைமுகத்துக் கப்பல்கள் ஊதி முடித்ததும், உன் பெண்டாட்டியும் என் உடன்பிறந்த தங்கையுமான சந்தனமேரி போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். இன்றுவரை எடுக்கவில்லை. பிள்ளைகளெல்லாம் பின்பக்கத்துச் சாக்கடைச் சந்து வழியாகப் போய்வருகின்றன. கேட்டால், ‘சரியான காலு வர்ற வரிக்கும் தொறக்க மாட்டேன்’ என்கிறாள்.

நாளைக் காலையில் காலடிப்பேட்டையிலிருந்து நம் பிலோமினாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். சம்பந்தியாகப் போகிறவர்களை மூக்கைப் பிடித்துக்கொண்டு சந்து வழியாக வாருங்கள் என்று சொல்ல முடியுமா? சாத்திய கதவைப் பார்த்தால் வந்த ஜட்காவிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். பெண்ணுக்கு உன் நிறம். வந்த இடமெல்லாம் ஏதோ சாக்குச் சொல்லி நழுவிய கதை உனக்கே தெரியும். இந்த ஓர் இடம்தான் ‘கருப்பா இருந்தா இன்னா’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறது. (ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று அதன்மேலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.)

இந்தக் கடிதத்தை நம் தெரு வாலிபர் சங்கத்தார் தங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கேட்டிருக்கிறார்கள். தோளுக்குப் பின்னால் நின்று பலபேர் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன். கோபிக்காமல் கேட்டுக்கொண்டிரு. உனக்கு வேறென்ன வேலை அங்கே?

வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு முந்தின வருஷக் கடைசி அது. துறைமுகத்தில் நீ கரிக்கூடை சுமந்தாய். நான் மூட்டைகளை எண்ணும் டாலி கிளார்க்கு. என் இங்கிலீஷைக் கேட்டுத் திசைமாறிப் போன கப்பல்கள் இன்றைக்கும் கடலில் அலைந்துகொண்டிருக்கின்றன. நமக்கெல்லாம் மேலே கிரேன் துரை. இங்கிலாந்துக்கும் வடக்கே, மழையும் செம்மறியாடும் தவிர வேறொன்றும் விளையாத ஸ்காட்லாந்துச் சீமையிலிருந்து வந்தவர். ரயில் எஞ்சினைக் கோழிக்குஞ்சுபோலக் கப்பலிலிருந்து தூக்கிக் கரையில் வைக்கும் கிரேனுக்கு அதிபதி.

அப்பேர்ப்பட்ட மனிதர் கிரேனை இயக்குவதற்கு முன்னால், யாரும் பார்க்காதபடி, பக்கத்திலிருக்கும் மரக்கட்டையை ஒருமுறை தொட்டுக்கொள்வார். நாம் பார்த்துவிட்டோம் இல்லையா? அதற்குப் பிறகு நான் அவரை விடவில்லை. ஏணிக்கு அடியில் போகமாட்டார். உப்பு சிந்தினால் ஒரு சிட்டிகை எடுத்து இடது தோளுக்குப் பின்னால் எறிவார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் ஒரு கருப்புப் பலகாரத்தைத் துணியில் கட்டி வாரக்கணக்கில் தொங்கவிட்டு, சாப்பிடும் அன்று அதன் தலையில் பிராந்தியை ஊற்றிக் கொளுத்துவார்கள் என்று அவருடைய பட்லர் மாதா மேல் சத்தியம் செய்தான். விளக்கை அணைத்துவிட்டு, அது நீலமாக எரிவதைப் பார்த்துக் கைதட்டுவார்களாம். இது பலகாரம் இல்லை, ஏதோ பூசை என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ சிரித்தாய்.

கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு துரை கரிக்கிடங்குக்கு வந்தார். கூலிகளையெல்லாம் வரிசையாக நிற்கச் சொல்லி, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, உன் முன்னால் நின்றுவிட்டார். தலைத்துணியை எடுக்கச் சொன்னார். முடியைப் பார்த்தார். புருவம் இரண்டும் நடுவில் சேர்ந்திருக்கிறதா என்று மூக்கோடு மூக்கு உரசப் பார்த்தார். வாளித் தண்ணீரில் காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் வைக்கச் சொல்லி, ஈரத் தடத்தில் பாதத்தின் வளைவு தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். நெல்லூர் மாட்டைக்கூட எவனும் இவ்வளவு நேரம் பார்த்து வாங்கியதில்லை.

‘இன்னா மச்சான், ஆளப் பாத்து வெல பேசுறாரா?’ என்று கேட்டாய்.

‘இரு மாப்ள, பல்லப் பாக்கட்டும், அப்பறம் பேசலாம்’ என்றேன்.

துரை சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அவர்கள் சீமையில் வருஷம் பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் நுழைகிற கால்தான் அந்த வருஷத்தின் தலையெழுத்து. அது ஆண்பிள்ளையின் காலாக இருக்கவேண்டும். ஆள் உயரமாக, கருப்பு முடியோடு இருக்கவேண்டும். தட்டைப் பாதம் ஆகாது. கூட்டுப் புருவம் ஆகாது. பெண் ஆகவே ஆகாது. செம்பட்டை முடிக்காரன் நுழைந்தாலோ வருஷமே பாழ். வருகிறவன் ஒரு கட்டி நிலக்கரியும் கொஞ்சம் ரொட்டியும் கொஞ்சம் உப்பும் கொண்டுவர வேண்டும். புது வருஷத்து மணி அடித்த பிறகு, கரியை அந்த வீட்டு நெருப்பில் போடும்வரை, வாயைத் திறக்கக் கூடாது.

கருப்பு முடி இருந்தால் போதும் என்கிற சீமைக்காரர், தலை முதல் கால்வரை கருப்பாக ஒருவன் கிடைத்தால் விடுவாரா? ஒரு குடம் தண்ணீர் கேட்டவர் முன்னால் செம்பரம்பாக்கத்து ஏரியே எழுந்து வந்து நின்றது.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். முந்தின வருஷம் அவர் வீட்டில் முதலில் நுழைந்தது, நம் கரிக்கிடங்குத் தலைவரான செம்பட்டைத் துரையாம். அதற்கப்புறம் துரைசானியின் வயிற்றில் இருந்தது தங்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் நம்மைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். நான் அதையும் சந்தேகப்பட்டேன்.

அன்று சாயங்காலம் உன் வீட்டில் ஆலோசனை சபை கூடியது. மீன்கார எஸ்தர் கூடையைக்கூட இறக்கவில்லை.

‘அண்ணே, இது நரபலிதான். கடலுக்குள்ள புதுசா சுவரு எறக்குறாங்க இல்ல, அது நிக்கவே மாட்டேங்குதாம். தல கேக்குதாம். அதான் ஆளப் பொறுக்குறாங்க.’

‘தலதான் வேணும்னா புருவத்த ஏன்கா பாக்கணும்?’ என்று நீ கேட்டாய்.

‘நேர்ந்துவுடுற ஆட்டுக்குக் காது கிழிஞ்சிகீதான்னு பாக்கறது இல்ல?’

இந்த வாதத்துக்கு உலகத்தில் எந்தப் பாரிஸ்டரும் பதில் சொல்லமுடியாது. நானும் முழுமனதோடு ஆதரித்துப் பேசினேன். சந்தனம் மட்டும் அரிசி களைந்துகொண்டே, ‘இவரு தலைய வெச்சி கட்டினா அந்தச் சுவரு ரெண்டே நாள்ல தூங்கிடும்’ என்றாள்.

ஆனால் என் உண்மையான பயம் தலையைப் பற்றியது இல்லை. கரியைப் பற்றியது. அந்த மாதம்தான் செம்பட்டைத் துரை உத்தரவு போட்டிருந்தார், எவன் கையில் ஒரு கட்டிக் கரி அகப்பட்டாலும் வேலை போய்விடும் என்று. புது வருஷம் பிறந்ததும் கூலிகளில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகவும் பேச்சு. உன் கழுத்தில் கயிற்றில் தொங்கிய பித்தளை வில்லை, அதில் உன் எண், அதைக் காட்டினால்தான் கேட்டுக்குள் விடுவார்கள். அதைப் பறித்தால் அன்றோடு சோறு போயிற்று. அப்படியிருக்க, ஒரு துரை கரியைத் தொடாதே என்கிறார். இன்னொரு துரை கரியோடு வா என்கிறார். இரண்டு பேரும் ஒரே கிளப்பில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள். இது வலை இல்லாமல் வேறென்ன?

‘போவாத மாப்ள. உடம்பு சரியில்லைன்னு படுத்துக்கோ’ என்றேன்.

நீ அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பிறகு சொன்னாய்:

‘மச்சான், இந்தத் தெருவுல நல்ல காரியத்துக்குப் போறவன் எதிர்ல நான் வந்தா இன்னா பண்றான்? வூட்டுக்குள்ள திரும்பிப் போயி ஒரு முழுங்கு தண்ணி குடிச்சிட்டு அப்பால வர்றான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறான். அந்தாளு என் மூஞ்சியப் பாத்து, நீதான் மொதல்ல வரணும்ன்றாரு. வலையா இருந்தாலும் பரவால்ல. ஒருதபா போயிப் பாக்கறேன்.’

உன் கல்யாணத்துக்கு முன்னால் நானே அப்படித் தண்ணீர் குடித்திருக்கிறேனோ என்று யோசித்தேன். இல்லை. நான் குடித்தது தண்ணீர் இல்லை.

சந்தனம் எழுந்துபோய், தண்டவாளத்து ஓரத்தில் பொறுக்கி வைத்திருந்த கரிகளில் நல்ல பளபளப்பான கட்டியாக ஒன்றை எடுத்து, கொஞ்சம் ரொட்டியோடும் உப்போடும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வைத்திருந்த கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள்.

அந்த ராத்திரி மாதா கோயிலில் நன்றிப் பூசை முடிந்து வெளியே வந்தோம். மணி அடித்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் அத்தனையும் ஒன்றாக ஊதின. ராயபுரத்து நாய்கள் எல்லாம் பதில் ஊதின. நீ உடனே வாயை மூடிக்கொண்டாய். துரை பங்களா வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். உனக்குக் கிடைத்த விதி எனக்கும் கிடைத்திருந்தால் நான் அங்கேயே உயிர் விட்டிருப்பேன்.

பங்களா கேட்டில் வாட்ச்மேன் வழிமறித்தான். உன் கைக்குட்டையை அவிழ்த்தான்.

‘ஏது இந்தக் கரி?’

நீ அவனைப் பார்த்தாய். பேசவில்லை.

‘எங்கடா திருடுன? வாயத் தொற!’

பேசவில்லை. நான் குறுக்கே புகுந்து, துரைதான் கொண்டுவரச் சொன்னார் என்று விளக்கினேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

‘துரை வூட்ல கரி இல்லாம நீ குடுக்கப் போறியா? நடு ராத்திரில? யார் கிட்ட ரீல் வுடுற?’

நியாயமான கேள்விதான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் நம்மை அடித்தே இருப்பேன். ‘நைனா, இவன் பேசுனா அவங்க வருஷம் கெட்டுப்பூடும்’ என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னைத் திருடன் என்று நினைக்கவில்லை, குடிகாரன் என்று நினைத்தான்.

அந்த நேரம் பார்த்துக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியது யார்? சாட்சாத் செம்பட்டைத் துரை. விளக்கு வெளிச்சத்தில் அவர் தலை தணல்போல இருந்தது. வாட்ச்மேன் சலாம் போட்டு, கரித் திருடன் அகப்பட்டான் என்றான். துரை கரியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், உன் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து வில்லையை அறுத்தெடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு பங்களாவைப் பார்த்து நடந்தார்.

நான் சொன்னேனா இல்லையா, மாப்ள? வலை என்று சொன்னேனா இல்லையா? நீ அப்போதும் பேசவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை நான் சொன்னால் இன்றைக்கும் ராயபுரத்தில் பாதிப்பேர் நம்புவதில்லை. மீதிப்பேர் நான் சொல்வதை எப்போதுமே நம்புவதில்லை. செம்பட்டைத் துரை படியேறியதும், உள்ளேயிருந்து துரைசானி அவர் தலையைப் பார்த்து வீல் என்று கத்தினாள். பட்லர் ஓடிவந்தான். கிரேன் துரை ஓடிவந்தார். படாரென்று கதவை அவர் முகத்திலேயே சாத்தினார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கரிக்கிடங்குத் தலைவர், கோட்டும் டையுமாக, வாசலில் நின்றார். ஜன்னல் வழியாகக் கிரேன் துரை கேட்டார்: என் கருப்பன் எங்கே?

வாட்ச்மேன் முகம் போன போக்கைக் காண நீ திரும்பவே இல்லை. நான் உனக்கும் சேர்த்துப் பார்த்துவைத்தேன்.

உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவு திறந்தது. கூடத்தில், மெட்ராஸ் ஊரில், மின்விசிறி சுற்ற, இரும்பு வாளி ஒன்றில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் வியர்த்து ஊற்றிக்கொண்டு நின்றார்கள். குளிரே இல்லாத ஊரில் குளிர்காயும் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் நரபலிச் சந்தேகம் எனக்கு ஒரு கணம் மறுபடி வந்துபோனது. நீ வலது காலைத் தூக்கினாய். வாசற்படிக்கு மேலே கொண்டுபோனாய்.

அங்கேயே நிறுத்திவிட்டாய்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் இறங்கவில்லை. துரை, ‘வா, வா’ என்றார். இறங்கவில்லை. நீ ஒரு விரலால் உன் வெறுங்கழுத்தைத் தொட்டுக் காட்டினாய். பிறகு அந்த விரலை நீட்டி, பக்கத்தில் நின்ற செம்பட்டைத் துரையின் கோட்டுப் பையைக் காட்டினாய். அவ்வளவுதான். துறைமுகத்தில் எத்தனையோ வேலைநிறுத்தம் பார்த்திருக்கிறேன். ஒற்றைக்காலில், ஒற்றை ஆளாக, ஒரு கோஷமும் போடாமல் நடந்தது அது ஒன்றுதான்.

கிரேன் துரைக்குப் புரிந்தது. எடு என்றார். செம்பட்டைத் துரை, இது திருட்டுக் கரி, இவன் திருடன், நாளைக்கு என்று ஏதோ ஆரம்பித்தார். அப்போது துரைசானி முன்னால் வந்தாள். ஒல்லியாக, வெளுத்துப்போய் இருந்தாள். செம்பட்டைத் துரையிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், ‘ப்ளீஸ்.’ உன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அது இன்னும் அந்தரத்தில்தான் நின்றது, மாப்ள. நான் பார்த்தேன்.

வில்லை வெளியே வந்தது. நீ வாங்கி, எண்ணைத் தடவிப் பார்த்து, மடியில் செருகிக்கொண்ட பிறகுதான் கால் தரையில் பட்டது. கரியை வாளியில் போட்டாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஒரு வாரமாக உனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வாழ்த்து காற்றில் போய்விட்டது. ‘நல்லா இருங்கம்மா’ என்றாய், அவளைப் பார்த்து. அவள் உன் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விடும்போது அவள் கை உன் கைபோல இருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

உனக்குக் கொடுத்த சாராயத்தை நீ என்னிடம் கொடுத்தாய். நான் உறவை மதிப்பவன், மறுக்கவில்லை.

கிரேன் துரை வில்லையை வாங்கிக் கொடுத்தது நியாயத்துக்காகவா, தன் வீட்டு அதிர்ஷ்டத்துக்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நிரந்தரப் பட்டியலில் உன் பெயர் வந்தது. அடுத்த வருஷமே துரையும் துரைசானியும் கப்பலேறிவிட்டார்கள். அவள் மடியில் ஒரு குழந்தை இருந்ததாகப் பட்லர் சொன்னான். பட்லர் சொன்னதில் எத்தனை எனக்கு உண்மையாகப் பட்டிருக்கிறது? ஆனால் இதை மட்டும் சந்தேகப்பட மனம் வரவில்லை.

அந்தக் கதை தெருவில் பரவியது. மறு வருஷப் பிறப்புக்கு முதலில் வந்து கூப்பிட்டது டீக்கடை காதர் பாய். ‘தோஸ்து, யாவாரம் பேஜாராக் கீது, ஒரு எட்டு வந்து காலு வெச்சிட்டுப் போ’ என்றார். அப்புறம் எஸ்தர். அப்புறம், உன்னைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்க ஓடியவர்கள் ஒவ்வொருவராக. எனக்கு வயிறெரிந்தது. வெள்ளைக்காரன் வீட்டுப் படியில் ஏறி இறங்கினால்தான் நம் ஆள் கால் நம் ஆளுக்கே நல்ல கால் ஆகுமா? கேட்டேன். நீ சட்டையை மாட்டிக்கொண்டே, ‘வுடு மச்சான், கூப்ட்டாங்க இல்ல’ என்றாய். வருஷா வருஷம் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனாய், ஒவ்வோர் அடுப்பிலும் ஒரு துண்டுக் கரி போட்டாய்.

அதனால் உன் வீட்டுக்கு நீ கடைசியில்தான் வந்தாய். மற்றவர்கள் தூங்கி எழுந்து பல் விளக்கும் நேரத்துக்கு. வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாதென்று சந்தனம் ராத்திரியெல்லாம் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருவில் கடைசியாக வருஷம் பிறந்த வீடு உன் வீடுதான்.

இப்போது தெரிகிறதா அந்தக் கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று?

நான் சும்மா இருக்கவில்லை. இன்று காலையில் காசிமேட்டிலிருந்து ஒரு கட்டுமரக்காரனைப் பிடித்து வந்தேன். பனைமர உயரம், உனக்கு ஒரு படிதான் குறைவான கருப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

‘இன்னாண்ணே, இரவல் காலு எடுத்தாந்துகினு கீற?’

‘ஆளு நல்லாத்தானே கீறான், சந்தனம்? நாளைக்கு அவங்கள்ளாம் வராங்க. பொண்ணு வாழ்க்க இது.’

‘தெரியும்.’

‘அப்ப தொறந்து வுடு.’

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ‘அவரு எப்பவும் நம்ம வூட்டுக்குக் கடைசியாதானே வருவாரு. இன்னும் எந்த வூட்டு வாசல்ல நின்னுகினு கீறாரோ’ என்றாள். பைத்தியக்காரிபோலச் சொல்லவில்லை, மாப்ள. குழம்புக்கு உப்புப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் காசிமேட்டுக்காரனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

இதற்கு மேல் எழுதுவது மறுநாள் சாயங்காலம். நடுவில் நடந்ததைக் கேள்.

என்னைப்பற்றி உனக்குத் தெரியும். நிறம் வெளுப்பு. தலை, கடற்காற்றில் வெந்து செம்பட்டை. பாதம் அப்பளம்போலத் தட்டை. புருவம் இரண்டும் நடுவில் கைகோத்திருக்கும். ஸ்காட்லாந்துச் சீமை முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் இவ்வளவு கெட்ட சகுனம் ஒரே உடம்பில் அகப்படாது. அதனால் விடியற்காலையில் ஒரு காரியம் செய்தேன். கரித்தூளை நல்லெண்ணெயில் குழைத்தேன். முகம், கழுத்து, கை, கால், முடி, அந்தப் புருவத்துக்கு நடுவில் கொஞ்சம் அதிகமாக. ஊரெல்லாம் என் முகத்தில் கரி பூசக் காத்திருக்கும்போது நானே முந்திக்கொண்டேன். உன் பழைய தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கட்டிக் கரியோடு போய் உன் வாசலில் நின்றேன். கதவைத் தட்டினேன். வாயைத் திறக்கவில்லை. நான்! சவரிமுத்து! வாயைத் திறக்கவில்லை.

ஜன்னலில் முதலில் பிலோமினா வந்தாள். ‘யம்மா, மாமாவ வந்து பாரேன்!’ என்று கத்தினாள். சந்தனம் வந்தாள்.

‘அண்ணே, இன்னா வேஷம் இது? காத வுட்டுட்ட பாரு, செவசெவன்னு கீது.’

நான் பேசவில்லை.

‘பொண்ணு பாக்க வர நேரத்துல கலீஜா வந்து நின்னுகினு. வாய்ல இன்னா வெச்சிகினு கீற?’

பேசவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். சிரிப்பு வந்தது அவளுக்கு. மழைக்கு அப்புறம் முதல் சிரிப்பு. பாதியில் அது எங்கேயோ இடறி நின்றுவிட்டது. என் தலையில் இருந்த துணியைப் பார்த்தாள். என் கையில் இருந்த கரியைப் பார்த்தாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள்:

‘அவரு எல்லா வூட்டையும் முடிச்சிட்டாரா?’

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களையெல்லாம் அடுக்கினால் எண்ணூர் வரைக்கும் போகும். இதற்கு எந்தப் பொய்யும் அகப்படவில்லை. தலையை ஆட்டினேன். முடித்துவிட்டார் என்று.

அவள் ஜன்னலிலிருந்து போய்விட்டாள். பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

உள்ளே போனேன். வலது காலைத்தான் வைத்தேன். தட்டைப் பாதம்தான், ஆனாலும் முழுப் பாதமாக வைத்தேன். கரியை அடுப்பில் போட்டேன். சொல்வதற்கு ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன், தமிழில் பாதி, இங்கிலீஷில் பாதி. ஒன்றும் வரவில்லை. ‘காப்பி போடு’ என்றேன். போட்டாள். அழுதுகொண்டே போட்டதால் சர்க்கரை இரண்டு தடவை விழுந்துவிட்டது. குடித்தேன்.

காலடிப்பேட்டைக்காரர்கள் வந்தபோது கதவு திறந்தே இருந்தது. எவ்வளவு தேய்த்தும் எண்ணெய்க் கரி முழுதாகப் போகவில்லை. பையனின் அம்மா பெண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ‘ஓ, பொண்ணு தாய்மாமன் சாயலா?’ என்றாள். ஐம்பது வருஷமாக என்னை யாரும் இவ்வளவு உயர்த்திப் பேசியதில்லை. ஆமாம் என்றேன். தை மாதத்துக்குள் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பையன் போகும்போது வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அது பெண்ணைப் பார்க்கவா, செருப்பைத் தேடவா என்பதை விசாரிக்க நாளைக்குக் காலடிப்பேட்டை போகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாப்ள. நான் உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் உன் வாசலுக்கு வருவேன், பூசிக்கொண்டு, வாயைத் திறக்காமல். ஆனால் மணி அடித்த உடனே வரமாட்டேன். உனக்கென்று அவள் காத்திருந்த அந்தப் பல் விளக்கும் நேரத்துக்குத்தான் வருவேன். அதுவரைக்கும் அவள் உட்கார்ந்திருக்கட்டும். அந்த ஒரு ராத்திரி உங்கள் இரண்டு பேருடையது. அதில் நான் கால் வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
காது மட்டும் கறுக்காமல் தப்பிய உன் மச்சான்,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
சவரிமுத்து